சுவர் டேப்லெட்டில் காலியாகக் கிடக்கும் இடம்: ஹோம் அசிஸ்டென்ட் டாஷ்போர்டை ஒழுங்குபடுத்த முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் (வாசல் பக்கத்து முன்கூடத்தில்), சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்து இஞ்ச் டேப்லெட்டை மாட்டியிருக்கிறேன். வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் பார்க்கவும் இயக்கவும் உதவும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளின் டாஷ்போர்டு அதில் எந்நேரமும் திறந்திருக்கும். மோட்டார், மேல்தொட்டி, இன்வெர்ட்டர், ஏசி, வாசல் விளக்கு எல்லாம் அதில் உண்டு. மாட்டிய முதல் மாதம் அம்மா அதைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "தொட்டியில தண்ணி கெடக்கான்னு பாக்க மூணு தடவ மேல தள்ள வேண்டியிருக்கு. அதுக்கு மச்சுல ஏறிப் பாத்துட்டு வந்திரலாம்லா" என்றாள். போய்ப் பார்த்தேன். தொட்டி அளவு திரைக்குக் கீழே ஒளிந்து கிடந்தது. மேலே திரையில் பாதிக்குப் பாதி வெறும் வெளி.

அந்த வெளியை ஒழிப்பதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முதல் வாரம் கார்டுகளை, அதாவது ஒவ்வொரு பொருளையும் காட்டும் சிறு பெட்டிகளை, நெருக்கிப் பார்த்தேன். அதில் பெரிய பலன் இல்லை. காலி இடம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அது இரண்டு வகை. பக்கத்தின் அமைப்பு விதியால் வருவது ஒன்று. நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இடத்தை அடைத்து நிற்கும் கார்டால் வருவது இன்னொன்று. இரண்டாவது கண்ணுக்குக் காலியாகத் தெரியாது, ஆனால் அதுதான் அதிக இடத்தைத் தின்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் செக்‌ஷன்ஸ் வியூவை வைத்துத்தான். வியூ என்றால் டாஷ்போர்டின் ஒரு பக்கம்; இந்த வகையில் கார்டுகள் செக்‌ஷன் என்ற தொகுதிகளாக நிற்கும். 2024 மார்ச்சில் சோதனை வடிவமாக வந்து, அந்த ஆண்டு நவம்பரிலிருந்து புதிய வியூக்களுக்கு இயல்பான வகையாகவே ஆகிவிட்டது.

படி 1: மூன்று நாள் நோட்டு

டேப்லெட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் தொங்கவிடுங்கள். வீட்டில் யார், எந்த நேரத்தில், எதைத் தெரிந்துகொள்ள வருகிறார்கள் என்று மூன்று நாள் எழுதுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாப் படியும் இதன் மேல்தான் நிற்கிறது.

எங்கள் நோட்டில் வந்தவை இவை. காலையில் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்ததும், சம்ப் எவ்வளவு நிறைந்திருக்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்று அம்மா பார்க்கிறாள். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரவு படுக்கப் போகும்போது வாசல் விளக்கும் புறவாசல் விளக்கும். சித்திரை, வைகாசியில் ஏசி. அப்பாவுக்கு வாரம் ஒரு முறை யூனிட் கணக்கு வேண்டும். மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஆரம்பத்து யூனிட்கள் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அதனால் இதுவரை எத்தனை யூனிட் ஓடியது என்ற ஒற்றை எண் அவருக்குப் போதும்.

நான் ஆசை ஆசையாக வைத்திருந்த வைஃபை வேகம், சர்வரின் சூடு, 24 மணி நேர வரைபடங்கள் இவற்றைப் பார்க்க அந்த மூன்று நாளில் யாரும் வரவில்லை. அவை திரையில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தன.

நோட்டில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள்: நடந்துபோகும்போதே கண்ணில் பட வேண்டியது, நின்று கையால் இயக்க வேண்டியது, எப்போதாவது தேடிப் போய்ப் பார்ப்பது. முதல் இரண்டுக்கும் மட்டுமே முதல் பக்கத்தில் இடம்.

படி 2: திரையின் கணக்கு

செக்‌ஷன்ஸ் வியூவின் விதி எளிது. திரை பல நெடுவரிசைகளாகப் பிரியும். ஒரு நெடுவரிசைக்குக் குறைந்தது 320 பிக்சல் அகலம் வேண்டும், இடைவெளியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 350. அதே நெடுவரிசை 500 பிக்சலுக்கு மேல் விரியாது. இந்த இரண்டு எண்களில்தான் பக்கவாட்டுக் காலி இடத்தின் ரகசியம் இருக்கிறது. வியூ அமைப்பில் அதிகபட்ச நெடுவரிசை 2 என்று வைத்துவிட்டு 1280 பிக்சல் திரையில் பார்த்தால், இரண்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சத்தோடு நின்றுவிடும். மீதி இரு பக்கமும் வெறுமையாகக் கிடக்கும். அதை 3 ஆக்கினால் திரை நிறையும்.

ஒன்றைக் கவனியுங்கள். டேப்லெட் பெட்டியில் போட்டிருக்கும் பிக்சல் எண்ணை பிரௌசர் அப்படியே எடுத்துக்கொள்ளாது. திரையின் அடர்த்திக்கு ஏற்ப வகுத்துக் குறைத்துக்கொள்ளும். அதனால் பெட்டியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அதிகபட்ச நெடுவரிசையை 4 என்று வைத்து, நாலைந்து வெற்றுச் செக்‌ஷன்களைச் சேர்த்து, எத்தனை பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று கண்ணால் எண்ணுங்கள். அதுதான் உங்கள் எண்.

இடது பக்க மெனு பட்டை விரிந்திருந்தால் 256 பிக்சல் எடுத்துக்கொள்ளும். பிரௌசர் கணக்கில் 1100 பிக்சல் அகலமுள்ள திரையில் அந்தப் பட்டை இருந்தால் இரண்டு நெடுவரிசைதான் நிற்கும். பட்டை போனால் மூன்று. ஆகவே டேப்லெட்டில் உங்கள் பயனர் சுயவிவரப் பக்கத்துக்குப் போய், பக்கப்பட்டையை எப்போதும் மறைக்கும் அமைப்பை இயக்குங்கள். இது அந்தச் சாதனத்துக்கு மட்டும்தான் பொருந்தும், உங்கள் கணினியில் பட்டை இருக்கும். ஆண்ட்ராய்டு செயலியில் பக்க அளவைச் சுருக்கும் வசதியும் உண்டு. 90 சதவீதமாக்கினால் சில திரைகளில் இன்னொரு நெடுவரிசை கிடைக்கும். ஆனால் எழுத்தும் சிறுக்கும். ஆச்சி இருக்கும் வீட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

உயரத்துக்கு: கார்டின் ஒரு வரி 56 பிக்சல், இடைவெளி 8, ஆக 64. திரை 800 பிக்சல் உயரம் என்றால், மேல் பட்டை போக ஒரு நெடுவரிசைக்குப் பத்து பதினோரு வரி வரும். தலைப்புகளும் அதற்குள்தான். எங்கள் வீட்டுக்கு மூன்று நெடுவரிசை, தலைப்பு போக ஒவ்வொன்றிலும் ஒன்பது வரி. இந்த அளவை ஒரு தாளில் கட்டமாக வரைந்து வைத்துக்கொண்டேன்.

படி 3: அறை வாரியாக அடுக்காதீர்கள்

எல்லோரும் செய்வது இதுதான், நானும் அப்படித்தான் தொடங்கினேன். தார்சாவுக்கு ஒரு செக்‌ஷன், பட்டாசாலைக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று, மச்சுக்கு ஒன்று, புறவாசலுக்கு ஒன்று. பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று தோன்றும். ஆனால் நம் வீட்டு அறைகள் சமமாக இல்லையே. பட்டாசாலையில் ஃபேன், நாலு விளக்கு, டிவி, ஏசி, இன்னும் இரண்டு என்று ஒன்பது பொருள். புறவாசலில் ஒரே ஒரு விளக்கு.

இங்கேதான் விதி குறுக்கே வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் செக்‌ஷன்கள் ஒரே வரிசையாகக் கணக்கிடப்படும். அந்த வரிசையின் உயரத்தை அதில் உயரமான செக்‌ஷன் தீர்மானிக்கும். பட்டாசாலை ஐந்து வரி உயரம் என்றால், பக்கத்தில் நிற்கும் ஒற்றை விளக்குப் புறவாசலுக்குக் கீழே நாலு வரி காலி. அடுத்த செக்‌ஷன் அந்தக் குழிக்குள் ஏறி வராது, பட்டாசாலை முடிந்த பிறகுதான் தொடங்கும். நாற்பது கார்டு வைத்த பக்கத்தில் பாதி வெளியாகக் கிடந்ததற்கு இதுதான் காரணம்.

வியூ அமைப்பில் செக்‌ஷன்களை அடர்த்தியாக அடுக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு நெடுவரிசை அகலமுள்ள செக்‌ஷன் ஒன்று, இருக்கும் இடம் போதாமல் அடுத்த வரிசைக்கு இறங்கினால், அது விட்டுப்போன பக்கவாட்டு இடத்தில் பின்னால் வரும் சிறிய செக்‌ஷன் ஏறிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. குட்டைச் செக்‌ஷனுக்குக் கீழே உள்ள குழியை அது நிரப்பாது.

தீர்வு இது: திரையில் எத்தனை நெடுவரிசையோ, அத்தனை செக்‌ஷன் மட்டும் வையுங்கள். எங்களுக்கு மூன்று. ஒவ்வொரு செக்‌ஷனும் மேலிருந்து கீழ்வரை ஒரு முழு நெடுவரிசை. அதற்குள் பிரிவு தேவைப்படும் இடத்தில் ஹெட்டிங் கார்டு (தலைப்புக் கார்டு) போட்டுக்கொள்ளுங்கள். ஒரே செக்‌ஷனுக்குள் எத்தனை ஹெட்டிங் வேண்டுமானாலும் வைக்கலாம், கார்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குழியில்லாமல் இறங்கிவரும்.

எதை வைத்துப் பிரிப்பது? அறையை விட்டுவிட்டு, நோட்டில் வந்த கேள்விகளை வைத்துப் பிரித்தேன். முதல் நெடுவரிசை தண்ணீர். இரண்டாவது கரண்ட். மூன்றாவது வெளிச்சமும் காற்றும். அறைப்பெயர்கள் மூன்றாவதில் மட்டும் சிறிய தலைப்பாக வருகின்றன, ஏனென்றால் விளக்கையும் ஃபேனையும் தேடும்போதுதான் "எந்த இடத்தில்" என்ற கேள்வியே எழுகிறது. தண்ணீரைத் தேடுகிறவருக்கு சம்ப் எந்த அறையில் இருக்கிறது என்பது பொருட்டில்லை.

செய்முறை: அமைப்புகளில் டாஷ்போர்டுகள் பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வெறுமையாகத் தொடங்குங்கள். பழையது அப்படியே இருக்கட்டும், புதியது சரிப்பட்ட பிறகு நீக்கிக்கொள்ளலாம். புதியதைத் திறந்து, மேலே பென்சில் குறியை அழுத்தி, வியூவின் அமைப்பில் அதிகபட்ச நெடுவரிசையை உங்கள் எண்ணாக மாற்றி, அத்தனை செக்‌ஷன் சேர்த்து, தாளில் வரைந்தபடி கார்டுகளைப் போட்டு வாருங்கள்.

படி 4: கார்டின் அளவு

ஒவ்வொரு செக்‌ஷனும் உள்ளுக்குள் 12 கட்டமாகப் பிரிந்திருக்கிறது. டைல் கார்டு, அதாவது ஐகானும் பெயரும் நிலையும் காட்டும் சாதாரணக் கார்டு, இயல்பாக 6 கட்ட அகலம், ஒரு வரி உயரம், ஆகவே வரிக்கு இரண்டு. கார்டைத் திருத்தும்போது லேஅவுட் தாவலில் இதை இழுத்து மாற்றலாம். சாதாரணமாக மூன்று மூன்று கட்டமாகத் தாவும். துல்லிய முறையை இயக்கினால் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தலாம், வரிக்கு மூன்று கார்டு வேண்டுமென்றால் நாலு கட்டம் அதில்தான் கிடைக்கும்.

செங்குத்து டைல் இடம் மிச்சம் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பாருங்கள். கிடையாக 6 கட்டம், ஒரு வரி: ஆறு. செங்குத்தாக 3 கட்டம், இரண்டு வரி: அதுவும் ஆறு. மிச்சம் ஒன்றும் இல்லை. வரிசையாக நாலு விளக்கை ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்றால் செங்குத்து அழகாக இருக்கும், அவ்வளவே.

உண்மையில் மிச்சம் பிடிக்கும் இடங்கள் வேறு. வெப்பநிலை, ஈரப்பதம் போன்ற வெறும் எண்களுக்குத் தனிக் கார்டே வேண்டாம். ஹெட்டிங் கார்டில் அவற்றைச் சிறு பேட்ஜாகச் சேர்த்துவிடலாம், "பட்டாசாலை" என்ற தலைப்பின் வலது ஓரத்திலேயே 31 டிகிரி என்று நிற்கும். ஏசிக்கு அந்தப் பெரிய வட்ட தெர்மோஸ்டாட் கார்டு வேண்டாம். டைல் கார்டிலேயே வெப்பநிலை மாற்றும் பட்டனை ஃபீச்சராகச் சேர்த்தால் இரண்டு வரியில் வேலை முடியும். வரைபடக் கார்டுகளை எடுத்துவிடுங்கள், டைலை அழுத்தினாலே அதன் வரலாறு விரிந்து வரும். வானிலைக்கு முன்னறிவிப்பு முழுதும் எதற்கு? கார்டு அமைப்பில் இப்போதைய நிலையை மட்டும் காட்டச் சொல்லலாம்.

இப்படிப் பிடித்த மிச்சத்தில் ஒரு பெரிய பங்கை ஒரே இடத்தில் செலவழித்தேன். மேல்தொட்டிக்கு மட்டும் முழு அகலத்தில், மூன்று வரி உயரத்தில் கேஜ் கார்டு (அளவுமானிக் கார்டு). பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லைகள் போட்டது. அதே எண்ணை டைலில் ஒற்றை வரியில் காட்டிவிடலாம்தான். ஆனால் அடுக்களை வாசலில் நின்றபடியே, கண்ணாடி போடாமலே, அம்மாவுக்கு நிறம் தெரிகிறது. சிறு கார்டுகளைச் சுருக்குவது இப்படி ஒன்றைப் பெரிதாக வைப்பதற்காகத்தான்.

படி 5: பெயரைச் சுருக்குங்கள்

தமிழில் டாஷ்போர்டு வைப்பவர்களுக்கு இது முக்கியம். "பட்டாசாலை மின்விசிறி", "புறவாசல் குழல்விளக்கு" என்ற பெயர்கள் அரை அகல டைலில் நிற்காது. முக்கால் வாசியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். உடனே கார்டை முழு அகலத்துக்கு இழுக்கத் தோன்றும், அங்கேதான் இடம் இரட்டிப்பாகப் போகிறது. மேலே தலைப்பே பட்டாசாலை என்று சொல்லிவிட்ட பிறகு டைலில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டுமா? "ஃபேன்", "ட்யூப்", "ஏசி" போதும். கார்டின் பெயர்க் கட்டத்தில் மட்டும் மாற்றுங்கள். சாதனத்தின் முழுப்பெயர் உள்ளே அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் ஆட்டோமேஷன் (தானாக நடக்க வேண்டியதற்கான விதி) எழுதும்போது எட்டு ஃபேனில் எது எது என்று தெரியாமல் போகும்.

படி 6: வேண்டும்போது மட்டும் வரும் கார்டுகள்

நாள் முழுக்க ஒன்றும் சொல்லாத கார்டு என்றேனே, அதற்கு மருந்து இது. கார்டைத் திருத்தும் பெட்டியில் விசிபிலிட்டி தாவல் இருக்கிறது. ஒரு நிபந்தனை கொடுத்தால், அது பொருந்தும்போது மட்டும் கார்டு தோன்றும். கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் பாட்டரி எதற்கு? மின்சாரம் இல்லை என்ற நிலையில் மட்டும் காட்டு என்று வையுங்கள். வெந்நீர் கீசர் எங்களுக்கு மார்கழி, தையில்தான். அதை மற்ற மாதங்களில் இரண்டாவது வியூவுக்கு நானே கையால் நகர்த்திவிடுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை செய்யும் வேலைக்கு நிபந்தனை எழுத வேண்டியதில்லை.

இதில் இரண்டு ஆபத்து உண்டு. இரண்டிலும் நான் மாட்டியிருக்கிறேன்.

முதலாவது, கார்டு தோன்றும்போது கீழுள்ள கார்டுகள் எல்லாம் ஒரு வரி இறங்கும். கை ஒரு இடத்துக்குப் பழகியிருக்கும். வாசல் விளக்கு என்று நினைத்து அழுத்தினால் மோட்டார் ஓடும். ஆகவே நிபந்தனைக் கார்டுகளை நெடுவரிசையின் கடைசியில் வையுங்கள், அல்லது வியூவின் மேலே பேட்ஜாக வையுங்கள். மேல் வரியில் எப்போதும் ஒரு பேட்ஜாவது நிற்கும்படி பார்த்துக்கொண்டால் கீழே எதுவும் அசையாது. மோட்டார் டைலுக்கு, அழுத்தியதும் "உறுதியா?" என்று கேட்கும் அமைப்பையும் கார்டின் கோட் எடிட்டரில் (அமைப்பை எழுத்தாகத் திருத்தும் இடத்தில்) சேர்த்துவிடுங்கள். ஐகானை அழுத்துவதற்குத் தனிச் செயல் இருப்பதால், உறுதிகேட்பதை அங்கே போட வேண்டும்.

இரண்டாவது ஆபத்து பெரியது. "தொட்டி 25 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை காட்டு" என்று எண் நிபந்தனை வைத்திருந்தேன். தொட்டியின் மேல் இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இ.எஸ்.பி. என்ற ஒரு சிறு வைஃபை போர்டில் ஓடுகிறது. ஒரு நாள் அது வைஃபையை விட்டுப் போய்விட்டது. அப்போது சென்சாரின் நிலை ஒரு எண்ணே இல்லை, "கிடைக்கவில்லை" என்றாகிவிடும். எண் இல்லாததால் நிபந்தனை பொருந்தவில்லை, எச்சரிக்கை தோன்றவே இல்லை. திரை சுத்தமாக, எல்லாம் நலம் என்பதுபோல் இருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அதனால் இப்படி மறையும் எந்தக் கார்டுக்கும் "அல்லது" வகை நிபந்தனை போட்டு, எண் குறைந்தாலும் சரி, நிலை கிடைக்காமல் போனாலும் சரி, தோன்றும்படி வையுங்கள். இடம் மிச்சமாகிறது என்பதற்காக மௌனத்தை நம்பக் கூடாது.

பயனர் வாரியாகவும் கார்டை மறைக்கலாம். என் சர்வர் விவரங்கள் எனக்கு மட்டும் தெரிகின்றன. அது பூட்டு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். கண்ணுக்கு மறைக்குமே தவிர அனுமதியைத் தடுக்காது.

படி 7: போனில் எப்படித் தெரியும்

போனில் ஒரே நெடுவரிசைதான். முதல் செக்‌ஷன் முழுதும் முடிந்து, அடுத்தது அதன் கீழே, அப்புறம் மூன்றாவது. தெருவிலிருந்து நுழைந்தால் தார்சா, பட்டாசாலை, ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ஒரே நீளத்தில் போகும் டவுன் வீடு மாதிரி. அதனால் அவசரமானது முதல் செக்‌ஷனில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது தண்ணீர்தான் என்பதால் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெளியூரிலிருந்து பார்க்கும் போனில் கேஜ் அவ்வளவு பெரிதாக வேண்டாம் என்றால், விசிபிலிட்டியில் திரை அளவு நிபந்தனை இருக்கிறது. மொபைல் என்றால் டைல், அதைவிடப் பெரிது என்றால் கேஜ் என்று இரண்டையும் வைத்துவிடலாம்.

மேசன்ரி வியூ பற்றி

குழியே விழாத மேசன்ரி வியூ இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மேசன்ரி ஒவ்வொரு கார்டையும் அந்த நேரத்தில் எந்த நெடுவரிசை குட்டையோ அதில் போட்டுக்கொண்டே போகும். குழி குறைவுதான். ஆனால் எது எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. திரை அகலம் மாறினால் இடம் மாறும், ஒரு கார்டு சேர்த்தால் மற்றவை கலையும். தனியாக இருந்து கணினியில் பார்ப்பவருக்கு அது போதும். நாலு பேர் கை வைக்கும் சுவர் டேப்லெட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 8: தள்ளி நின்று பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் டேப்லெட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா, ஏதாவது தவறா என்ற மூன்றும் விரல் படாமல் தெரிய வேண்டும். பிறகு வீட்டில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், "புறவாசல் விளக்கைப் போடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் திருத்துங்கள். எங்கள் ஆச்சி தயங்கியது ஐகானில். ட்யூப்லைட்டுக்குக் குண்டு பல்பு படம் இருந்தது.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் விடுங்கள். கை பழக அவ்வளவு நாளாவது வேண்டும். அதற்குள், மூன்று புள்ளி மெனுவில் இருக்கும் ரா கான்ஃபிகரேஷன் எடிட்டரைத் திறந்து முழு அமைப்பையும் நகலெடுத்து, தேதி போட்டு ஒரு கோப்பில் சேமியுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும்போது வானிலைக் கார்டை நான் மேலே ஏற்றுவேன். தை பிறந்ததும் திரும்ப இறக்க அந்தக் கோப்பு வேண்டும்.